மூச்சு எப்படி நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

நுரையீரல், மூச்சுத்திணறல், மூச்சுப்பயிற்சி ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் பதில் தருகிறேன். அவற்றுள் பலவற்றின் அடியில் ஒரே எண்ணம் இருப்பதைக் கண்டேன்: நுரையீரல் தன் வலிமையால் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து, இரத்தத்துக்குள் செலுத்துகிறது என்ற எண்ணம். உண்மையில் நுரையீரலுக்கு அத்தகைய வலிமை எதுவும் இல்லை. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்றும் வாயுக்களும் தாமாகவே நகர்கின்றன. அந்த அழுத்த வேறுபாட்டை இடைவிடாமல் உண்டாக்கித் தருவதுதான் உடல் செய்யும் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பின்வரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: காற்று நிரம்புவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று உள்ளே வருகிறதா?

பதில்: மார்பு விரிவதால்தான் காற்று உள்ளே வருகிறது. மார்புக்கூட்டின் அடித்தளமாக, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத்தகடு இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது இது மேல்நோக்கிக் குவிந்திருக்கும். சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். அமைதியான மூச்சில் இந்த இறக்கம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான். மிக ஆழ்ந்த மூச்சில் பத்து சென்டிமீட்டர் வரைகூட இருக்கலாம். அதே நேரத்தில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் சுருங்கி, விலா எலும்புகளை மேலும் வெளிப்புறமாகவும் தூக்குகின்றன. ஊசி மருந்துக் குழலின் தண்டைப் பின்னால் இழுத்தால் உள்ளே இடம் பெருகி மருந்து தானாக ஏறுவதுபோல, மார்புக்கூட்டின் கொள்ளளவு பெருகியவுடன் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அமைதியான மூச்சுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே போதும். அரை லிட்டர் காற்று அதனாலேயே உள்ளே வந்துவிடுகிறது.

மார்புச்சுவர் விரியும்போது நுரையீரலும் ஏன் கூடவே விரிய வேண்டும் என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடையே தசையோ நாரோ எதுவும் கட்டி இழுப்பதில்லை. நுரையீரலின் மேற்பரப்பை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மார்புச்சுவரின் உட்புறத்தையும் அதே சவ்வு மடங்கி வந்து போர்த்துகிறது. இந்த இரு அடுக்குகளுக்கு இடையே மிகச் சிறிதளவு நீர்மம் மட்டுமே உண்டு. நுரையீரலின் இயல்பு சுருங்கப் பார்ப்பது. மார்புக்கூட்டின் இயல்பு வெளிநோக்கி விரியப் பார்ப்பது. எதிரெதிராக இழுக்கும் இந்த இரண்டு விசைகளால் அடுக்குகளுக்கு இடைப்பட்ட இடத்தில், அமைதியாக மூச்சுவிடும்போது, அழுத்தம் வளிமண்டலத்தைவிட எப்போதும் குறைவாகவே இருக்கிறது. நுரையீரலை மார்புச்சுவரோடு ஒட்டியே இருக்கச் செய்வது இந்தக் குறைந்த அழுத்தம்தான். காயத்தாலோ, நுரையீரலின் மேற்பரப்பில் ஏற்படும் சிறு கிழிசலாலோ அந்த இடத்துக்குள் காற்று புகுந்துவிட்டால், உதரவிதானம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிவிடுகிறது. திடீரென்று ஒரு பக்கத்து மார்பில் குத்துவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சை வெளிவிடுவதற்கு, ஓய்வு நிலையில், எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை. உதரவிதானம் தளர்ந்தாலே போதும். இழுபட்டிருந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். ஓடும்போதும் இருமும்போதும் மட்டுமே வயிற்றுத் தசைகள் வலிந்து உதவுகின்றன. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு மார்புப் பகுதியிலிருந்து வராமல், கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளிலிருந்து நீண்டு கீழே இறங்கி வருகிறது. அதனால்தான் கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்தவர்கூடத் தாமாக மூச்சுவிட முடிகிறது. அதற்கு மேலே அடிபட்டால் மூச்சே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. விபத்தில் சிக்கியவரின் கழுத்தை அசைக்காமல் தூக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

கேள்வி: மூக்கால் மூச்சுவிடுவதற்கும் வாயால் மூச்சுவிடுவதற்கும் அப்படி என்ன வேறுபாடு? காற்று போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே?

பதில்: போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், ஆனால் போய்ச் சேரும் காற்று ஒன்றன்று. மூக்கின் உள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று சுருண்ட எலும்பு மடிப்புகள் உள்ளன. இரத்த நாளங்கள் நிறைந்த ஈரச் சவ்வு அவற்றைப் போர்த்தியிருக்கிறது. காற்று நேராகப் பாய முடியாமல் இந்த மடிப்புகளில் மோதிச் சுழலும்போது சூடும் ஈரமும் பெறுகிறது. தூசியும் கிருமிகளும் சவ்வின் சளிப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே கடுங்குளிராக இருந்தாலும், நுரையீரலின் ஆழத்தை அடைவதற்குள் காற்று உடல் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸை எட்டி, ஈரத்தால் முழுவதும் நிறைந்துவிடுகிறது. வாய்க்கு இந்தத் திறன் மிகக் குறைவு. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் சிறிதளவு உண்டாகிறது; மூக்கால் இழுக்கும் காற்றோடு கலந்து சென்று, நுரையீரலின் இரத்த நாளங்கள் விரிய அது துணைசெய்கிறது.

ஒரு நாசி அடைத்தும் மற்றொன்று திறந்தும் இருப்பதைக் குறித்துச் சிலர் கவலைப்படுகிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த நிலை பக்கம் மாறுவது பெரும்பாலானோரிடம் காணப்படும் இயல்பு. அது நோய் அன்று. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுமையாக உடற்பயிற்சி செய்யும்போது வாய் தானாகத் திறந்துகொள்வதிலும் தவறில்லை. அப்போது தேவைப்படும் காற்றின் அளவுக்கு மூக்கின் வழி போதாது.

கேள்வி: சாப்பிடும்போது புரையேறுவது ஏன்? குழந்தைகள் விழுங்கிய சிறு பொருள்கள் பெரும்பாலும் வலப்பக்க நுரையீரலில் சிக்குவதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான். தொண்டை, காற்றுக்கும் உணவுக்கும் பொதுவான வழி. அதன் அடியில் வழி இரண்டாகப் பிரிகிறது: முன்னால் குரல்வளையும் மூச்சுக்குழாயும், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலே எழுகிறது, குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடுகின்றன, குரல்வளை மூடி என்ற மெல்லிய குருத்தெலும்பு பின்னால் சாய்ந்து வாயிலை மறைக்கிறது. உணவை வாயில் வைத்துக்கொண்டு பேசும்போதும் சிரிக்கும்போதும் இந்த ஒழுங்கு குலைந்து, துளி நீரோ உணவுத் துணுக்கோ குரல்வளைக்குள் நுழைந்துவிடுகிறது. உடனே எழும் கடும் இருமல், நுழைந்ததை வெளியே தள்ளுகிறது.

மூச்சுக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் சுவரில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அவற்றால்தான் மூச்சிழுக்கும்போது குழாய் ஒட்டிப்போகாமல் திறந்தே இருக்கிறது. இந்த வளையங்கள் பின்புறம் முழுமையடைவதில்லை. அந்த இடைவெளியைத் தசை நிரப்புகிறது. கீழே இரண்டாகப் பிரியும் கிளைகளில் வலக்கிளை அகலமாகவும் குட்டையாகவும் ஏறக்குறைய நேராகவும் இறங்குகிறது; இடக்கிளை, இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், நீண்டு சரிந்து செல்கிறது. உள்ளே போன பொருள் நேரான வழியையே பிடிக்கும். இதயத்துக்கு இடம் விட்டுக் கொடுத்ததால் இட நுரையீரலுக்கு இரண்டு மடல்களும், வலப்புறத்துக்கு மூன்று மடல்களும் இருக்கின்றன.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மறவாமல் கற்றுவைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புரையேறியவர் சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் அவரை இருமவிடுங்கள். குரல் எழும்பாமல், இருமவும் முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு தவித்தால், அவரை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். அடைப்பு விலகாவிட்டால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் அவசர உதவியை அழைக்கட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ இருக்குமாறு முன்கையில் கவிழ்த்து முதுகில் தட்டுவதும், திருப்பிப் படுக்கவைத்து நெஞ்செலும்பை அழுத்துவதும்தான் முறை. கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்கக் குழந்தையின் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

கேள்வி: நுரையீரலுக்குள் காற்று எங்கே தங்குகிறது? உள்ளே பெரிய பை இருக்கிறதா?

பதில்: பெரிய பை எதுவும் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகவும், ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகவும் என ஏறத்தாழ 23 முறை பிரிந்துகொண்டே போகிறது. முதல் 16 பிரிவுகள் வரை அவை வெறும் வழிகளே. அங்கே வாயுப் பரிமாற்றம் நடப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் நுண்கிளைகளின் சுவரில் காற்று நுண்ணறைகள் தென்படத் தொடங்கி, கடைசிக் கிளைகள் முழுவதும் நுண்ணறைகளாகவே முடிகின்றன. ஒவ்வொரு நுண்ணறையின் குறுக்களவும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை அவை இருக்கின்றன. அவற்றின் பரப்பு முழுவதையும் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நம் தோலின் மொத்தப் பரப்போ இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பரப்பின் மேல் எந்த ஒரு கணத்திலும் பரவியிருக்கும் இரத்தம் 70 முதல் 100 மில்லிலிட்டர்தான் என்பதை அறியும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில், சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒற்றை வரிசையில் நெருங்கிச் செல்லும் மிக மெல்லிய படலம் அது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர், மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறின் தடிமனே உடையது. நுண்ணறைச் சுவரில் இந்த இரத்தம் ஓடும் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய நாளங்களை 1661-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகக் கண்டார். இதயத்திலிருந்து வெளியேறிய இரத்தம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் இரத்த ஓட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது கண்ணால் காட்ட முடியவில்லை; அந்த விடுபட்ட இணைப்பு நுரையீரலில்தான் முதலில் கிடைத்தது.

ஒருமுறை உள்ளே வரும் 500 மில்லிலிட்டர் காற்றில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் வழிகளிலேயே நின்றுவிட்டு, பயன்படாமல் திரும்பிப் போகிறது. எனவே நுண்ணறைகளை அடைவது 350 மில்லிலிட்டர்தான். விரைவாகவும் மேலோட்டமாகவும் மூச்சுவிடுபவர் நிறையக் காற்றை அசைத்தும் பயன் குறைவாகவே பெறுவது இதனால்தான்: 250 மில்லிலிட்டர் மட்டும் இழுப்பவருக்கு உள்ளே போய்ச் சேர்வது 100 மில்லிலிட்டரே. எவ்வளவு முயன்று வெளியேற்றினாலும் நுரையீரல் முற்றிலும் காலியாவதில்லை, ஏறத்தாழ 1.2 லிட்டர் எப்போதும் எஞ்சியிருக்கிறது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில்கூட ஆக்சிஜன் இரத்தத்துக்குத் தடையின்றிப் போய்க்கொண்டிருப்பதற்கு இப்படி உள்ளே தங்கியிருக்கும் காற்றே காரணம்.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் முழுமையாக உருவாகியிருந்தும் மூச்சுவிட முடியவில்லை என்றார்கள். எப்படி?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியவர் எத்தகைய கவலையோடு எழுதியிருப்பார் என்று உணர்கிறேன். நுண்ணறையின் உட்சுவர் ஈரமானது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அந்த ஈரப்படலம் எப்போதும் நுண்ணறையைச் சுருக்கவே முயல்கிறது. நுண்ணறை சிறியதாக இருக்க இருக்க அந்த விசை மிகுதியாகும். இதைத் தளர்த்துவதற்காக நுண்ணறைச் சுவரில் உள்ள சில செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரக்கின்றன. சர்ஃபாக்டன்ட் எனப்படும் அந்தப் பொருள் ஈரப்படலத்தின் மேல் பரவியிருக்கும்போது, மூச்சை வெளிவிட்டாலும் நுண்ணறை ஒட்டிப்போவதில்லை. கருவில் இதன் உற்பத்தி ஏறத்தாழ 24-ஆம் வாரத்தில் தொடங்கினாலும், போதிய அளவை எட்ட 35 வாரங்கள் வரை ஆகலாம். அதற்கு முன் பிறந்துவிட்ட குழந்தையின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூச்சில் அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டிய உழைப்பிலேயே அந்தச் சிறு உடல் களைத்துவிடுகிறது.

இந்தக் குறைபாடுதான் நோய்க்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டினார்கள். ஆனால் உடனே சிகிச்சை கிடைத்துவிடவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்து வாரங்களுக்கு மேல் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்களுக்குள் இறந்தான். அந்நாளின் மிகச் சிறந்த மருத்துவமும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. 1972-இல் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர், முன்கூட்டியே பிரசவமாகும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று நிறுவினர். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பலன் கண்டார். இன்று இந்த இரண்டு சிகிச்சைகளும் வழக்கத்தில் உள்ளன. அன்று உயிர்பிழைக்க வழியில்லாத நிலையில் பிறந்தவர்களைப் போன்ற குழந்தைகள் இன்று பெரும்பாலும் வீடு திரும்புகிறார்கள்.

கேள்வி: ஆக்சிஜன் இரத்தத்துக்குள் எப்படிப் போகிறது? கரியமில வாயு ஏன் எதிர்த்திசையில் வருகிறது?

பதில்: முன்னுரையில் சொன்ன அழுத்த வேறுபாடே இங்கும் வேலை செய்கிறது. நுண்ணறையில் ஆக்சிஜனின் பங்கழுத்தம், அதாவது வாயுக் கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம், ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரசம். உடலைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும் இரத்தத்தில் அது 40. எனவே ஆக்சிஜன் இரத்தத்துக்குள் இறங்குகிறது. கரியமில வாயுவின் அழுத்தம் இரத்தத்தில் 45 அளவிலும் நுண்ணறையில் 40 அளவிலும் இருப்பதால் அது வெளியே வருகிறது; வேறுபாடு சிறிதாயினும் அந்த வாயு சவ்வுகளை மிக எளிதில் ஊடுருவுவதால் அதுவே போதுமானது. ஓய்வு நிலையில் ஒரு சிவப்பணு நுண்ணறையைக் கடந்து செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் விநாடி. அதில் முதல் கால் விநாடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது. எஞ்சிய நேரம் உடல் வைத்திருக்கும் சேமிப்பு. ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் குறை நேராமல் இருப்பது அதனால்தான்.

நூறு மில்லிலிட்டர் இரத்த நீர்மத்தில் கரைந்து செல்லக்கூடிய ஆக்சிஜன் 0.3 மில்லிலிட்டர்தான். சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருப்பதால் அதே இரத்தம் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. உழைக்கும் தசைகளில் அமிலத்தன்மையும் வெப்பமும் கூடியிருக்கும். அங்கே ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து, தேவை மிகுந்த இடத்திலேயே ஆக்சிஜன் மிகுதியாக விடுபடுகிறது. கரியமில வாயுவோ, பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ எழுபது விழுக்காடு, சிவப்பணுவுக்குள் ஒரு நொதியின் உதவியால் பைகார்பனேட்டாக மாறிப் பயணம் செய்து, நுரையீரலை அடைந்ததும் மீண்டும் வாயுவாகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மையை நிலையாக வைத்திருப்பதும் இந்த மாற்றமே; ஆகவே கரியமில வாயுவை வெறும் கழிவு என்று எண்ணுவது சரியன்று.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றியும் ஒரு சொல். சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரண்டு ஒளிகளை விரல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு, ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறது என்று அது கணக்கிடுகிறது. நகப்பூச்சு, குளிர்ந்த விரல்கள், அடர்ந்த தோல்நிறம் ஆகியவற்றால் அளவு பிழைபடலாம். இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. மூடிய அறையில் எரியும் அடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. சாதாரண ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 என்று காட்டும். தலைவலி, மயக்கம், குழப்பம் இருந்தால் அந்த எண்ணை நம்பி அறைக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மூச்சை அடக்கினால் ஒரு நிமிடத்துக்குமேல் தாங்க முடியவில்லை. உடலில் ஆக்சிஜன் அவ்வளவு விரைவாகத் தீர்ந்துவிடுகிறதா?

பதில்: இல்லை. அந்தத் தவிப்பை முதன்மையாக உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அன்று. கரியமில வாயுவின் மிகுதி. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புத்தொகுதி இருக்கிறது. அதன் அருகிலுள்ள உணரிகள், கரியமில வாயு கூடுவதால் ஏற்படும் அமிலத்தன்மையை நொடிக்குநொடி கவனித்துக்கொண்டிருக்கின்றன. நுண்ணறைக் காற்றில் கரியமில வாயுவின் அளவை உடல் ஏறக்குறைய மாறாமல் காக்கிறது என்றும், அது சிறிதளவு கூடினாலே மூச்சு பன்மடங்கு மிகுகிறது என்றும் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் காட்டினர். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணரிகள் கழுத்துத் தமனியின் பிளவில் உள்ளன. அவற்றின் செயல்பாட்டைக் கண்டறிந்ததற்காகக் கார்னெய் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கும்வரை அவை வலுவாகக் குரல் கொடுப்பதில்லை.

இதிலிருந்து உயிரைப் பறிக்கக்கூடிய ஓர் ஆபத்து எழுகிறது. நீருக்குள் நீண்ட நேரம் இருக்க விரும்பும் இளைஞர்கள், முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சுவிடுகிறார்கள். ஆக்சிஜனைச் சேமித்துக்கொள்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 விழுக்காடு நிரம்பியிருப்பதால் சேர்வது மிகச் சொற்பமே. உண்மையில் நடப்பது கரியமில வாயு வெளியேறிவிடுவதுதான். எச்சரிக்கை மணியையே அணைத்துவிட்டு நீருக்குள் போகிறார்கள். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பு எழுவதற்குள் ஆக்சிஜன் குறைந்து, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நினைவிழக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முங்குவதற்கு முன் வேகமாக மூச்சுவிடாதீர்கள், தனியாக மூச்சடக்கிப் பழகாதீர்கள்.

கேள்வி: நாம் வெளிவிடும் காற்றில் ஆக்சிஜன் இல்லையென்றால், வாயோடு வாய்வைத்து ஊதும் முதலுதவியால் என்ன பயன்?

பதில்: வெளிவிடும் காற்றிலும் ஆக்சிஜன் இருக்கிறது. உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடும், வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடும் உண்டு. கரியமில வாயு 0.04 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் கூடியிருக்கும். மூச்சு நின்றவருக்கு 16 விழுக்காடு ஆக்சிஜன் பெரும் உதவி.

கேள்வி: விக்கல் என்பது மூச்சுக் கோளாறா?

பதில்: உதரவிதானம் திடீரெனச் சுருங்கிக் காற்று உள்ளே பாயும்போது, குரல்வளையின் வாயில் சட்டென்று மூடிக்கொள்வதால் எழும் ஒலியே விக்கல். பெரும்பாலும் தானே நின்றுவிடும். இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிக் காரணம் அறிய வேண்டும்.

கேள்வி: பல ஆண்டுகள் புகைபிடித்தவர் அதை விட்டுவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்கு வருமா? விட்ட பிறகு இருமல் கூடிவிட்டதே!

பதில்: ஒரு பகுதி மீளும், ஒரு பகுதி மீளாது. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்து முறைக்கும் மேல் அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டையை நோக்கி ஓயாமல் நகர்த்துகின்றன. புகை அவற்றை முடக்கிவிடுவதால் சளி உள்ளேயே தேங்குகிறது. புகையை விட்ட சில வாரங்களில் நுண்மயிர்கள் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. தேங்கிய சளி மேலேறி வருவதால் சிலருக்கு இருமல் சில காலம் கூடுகிறது. அதைக் கண்டு அஞ்சி மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடக் கூடாது. இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாள்களிலேயே நீங்கிவிடுகிறது.

சிதைந்துபோன நுண்ணறைச் சுவர்கள் மட்டும் மீண்டும் வளர்வதில்லை. சுவர்கள் அழிந்து பல நுண்ணறைகள் ஒன்றாகும்போது பரப்பு குறைகிறது. நுரையீரல் தானாகச் சுருங்கும் திறனையும் இழக்கிறது. எனவே மூச்சை வெளிவிடுவதே இவர்களுக்குக் கடினமாகிறது. ஆயினும் விடுவதால் பெரும்பயன் உண்டு. ஒரு விநாடியில் வலிந்து வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, நடுவயதில் யாருக்கும் ஆண்டுக்கு 20, 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டுதான் வரும். புகையால் பாதிக்கப்படும் இயல்புள்ளவருக்கு அந்தக் குறைவு இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். புகையை நிறுத்தியபின் வீழ்ச்சியின் வேகம், புகைக்காதவரின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. நாற்பதில் நிறுத்தியவருக்கும் அறுபதில் நிறுத்தியவருக்கும் இது பொருந்தும். முன்னவர் காத்துக்கொள்வது மட்டும் அதிகம். இருமலில் இரத்தம் கலந்து வந்தாலோ, உடல் எடை குறைந்தாலோ காத்திருக்காமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு அறுபது வயது. ஆழ்ந்த மூச்சுப்பயிற்சி செய்தால் நுரையீரலின் கொள்ளளவு கூடுமா?

பதில்: பிறக்கும்போது நுண்ணறைகளில் ஒரு பகுதியே இருக்கிறது, பெரும்பான்மை பிறந்த பிறகே உருவாகின்றன. நுரையீரலின் திறன் இருபதுகளில் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லக் குறைகிறது. எந்தப் பயிற்சியும் உங்கள் வயதில் புதிய நுண்ணறைகளை உண்டாக்காது. ஆனால் பயிற்சியால் மூச்சுத் தசைகள் வலுப்பெறும்; மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சுவிடும்போது வழிகளிலேயே வீணாகும் பங்கு குறையும்; அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ நீண்ட படுக்கையிலோ இருப்பவருக்கு, ஒட்டிக்கிடக்கும் அடிப்பகுதி நுண்ணறைகள் திறந்துகொள்ளும். நடைப்பயிற்சியையும் இதனோடு சேர்த்துக்கொண்டால், அதே அளவு ஆக்சிஜனைத் தசைகள் இன்னும் திறமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால், படியேறும்போது ஏற்படும் மூச்சிரைப்பு குறைவதை நீங்களே உணர்வீர்கள். பயிற்சி செய்யும்போது தலைசுற்றலோ விரல்நுனிகளில் மரமரப்போ தோன்றினால், கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சுவிடுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.